மூக்கு அலர்ஜிக்கு எது காரணம்? டெஸ்டுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை, படிப்படியாக

அலர்ஜி பரிசோதனை அறையில் வேலை பார்ப்பதால், மூக்கு அலர்ஜிக்காக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன். பெரும்பாலும் வரிசை மாறிவிடுகிறது. முதலில் டெஸ்ட் எடுக்கிறார்கள். அப்புறம் ரிப்போர்ட்டில் வந்த பெயர்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கடைசியில்தான் தங்கள் மூக்கு எப்போது, எங்கே தொந்தரவு செய்கிறது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிக் குழப்பம் வராமலே போகும்.

தொடங்கும் முன் ஒரு அடிப்படை. ஒரு பொருளுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உடல் உண்டாக்கி வைத்திருந்தால், அந்தப் பொருளுக்கு நீங்கள் ‘சென்சிடைஸ்’ ஆகியிருக்கிறீர்கள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்தப் பொருள் மூக்கில் பட்டு, தும்மலும் அரிப்பும் நிஜமாகவே வந்தால்தான் அது அலர்ஜி. தோல் டெஸ்டும் ரத்த டெஸ்டும் முதல் நிலையை மட்டுமே காட்டும். இரண்டாவதை உங்கள் அன்றாட வாழ்க்கைதான் காட்டும். சென்சிடைஸ் ஆகியும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்பவர்கள் ஏராளம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பொருத்திப் பார்ப்பதற்காகத்தான்.

1. இது அலர்ஜி மூக்குதானா என்று முதலில் பாருங்கள்

நான்கு அறிகுறிகளைக் கவனியுங்கள்: அடுக்கடுக்கான தும்மல், மூக்கில் அரிப்பு, தண்ணீர்போல் ஒழுகுதல், அடைப்பு. இவற்றோடு கண்ணும் அரித்துச் சிவந்தால் அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அரிப்பே இல்லாமல் அடைப்பு மட்டும் இருந்தால் வேறு காரணமாக இருக்கலாம்.

ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருப்பது, ரத்தம் கலந்த சளி, துர்நாற்றம், முகத்தில் கடுமையான வலி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் அலர்ஜி டெஸ்ட் பக்கமே போக வேண்டாம். நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். “எனக்கு சைனஸ்” என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது மூக்கு அலர்ஜி; சிலருக்கு நேர்மாறு. மூக்கினுள் பார்க்காமல் இதைப் பிரிக்க முடியாது.

அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகைச் சொட்டுகளை 5 நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர் எத்தனை டெஸ்ட் எடுத்தாலும் விடை கிடைக்காது. முதலில் டாக்டர் உதவியோடு அதிலிருந்து வெளியே வர வேண்டும்.

2. நான்கு வாரம் குறிப்பு எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் டெஸ்டைவிட இதுதான் முக்கியம். ரிப்போர்ட்டில் 5 பொருள்கள் பாசிட்டிவ் என்று வரும்போது, அதில் எது உங்கள் மூக்கைப் படுத்துகிறது என்று சொல்லக்கூடியது இந்தக் குறிப்பு மட்டும்தான்.

பழைய டைரி போதும், செல்போனும் போதும். தொந்தரவு வந்த ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அதற்கு அரை மணி நேரம் முன்பு வரை செய்துகொண்டிருந்த வேலை, அன்று போட்ட மாத்திரை ஆகியவற்றை எழுதுங்கள். மாத்திரை போட்ட நாளைக் குறிக்காவிட்டால், மூக்கு அமைதியாக இருந்தது இடத்தினாலா மருந்தினாலா என்று பிறகு தெரியாது.

“தூசி பட்டது” என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. எந்தத் தூசி? மெத்தையைத் தட்டியபோதா, பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோதா, பழைய புத்தகத்தைப் புரட்டியபோதா, சாலையில் லாரி போனபோதா? நான்கும் வெவ்வேறு. மெத்தையில் இருப்பது தூசி உண்ணி. பரணில் கரப்பானும் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். சாலைப் புழுதி பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான்.

வீட்டைவிட்டு வெளியூரில் தங்கிய நாள்களைத் தனியாகக் குறியுங்கள். ஊருக்குப் போனால் சரியாகி, திரும்பி வந்த இரவே தும்மல் ஆரம்பித்தால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் சரியாக இருந்து அலுவலகத்தில் மட்டும் வந்தால் அங்கே தேட வேண்டும்.

நான்கு வாரம் என்பது ஒரு பருவத்தைத்தான் காட்டும். அதனால் கடைசிப் பக்கத்தில் கடந்த ஒரு வருடத்தை நினைவிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடியதா, கோடையில் குறைந்ததா, வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருந்ததா என்று. வாரத்தில் 4 நாளுக்கு மேல், 4 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டர்கள் அதை நீடித்த வகை என்பார்கள். தூக்கமோ படிப்போ வேலையோ கெட்டால் அது லேசான நிலையைத் தாண்டிவிட்டது. மருந்தைத் தீர்மானிக்கும்போது இந்த இரண்டு விவரங்களையும் கட்டாயம் கேட்பார்கள்.

3. உங்கள் ஊருக்கேற்ற சந்தேகப் பட்டியல் போடுங்கள்

குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நீங்களே ஒரு பட்டியல் தயாரிக்கலாம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சந்தேகப்பட வேண்டியவை பெரும்பாலும் இவைதான்.

தூசி உண்ணிதான் முதல் இடம். கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிரி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் சோபாவிலும் வாழ்கிறது. அலர்ஜி தருவது முக்கியமாக அதன் எச்சத்தில் இருக்கும் புரதம். காற்றில் ஈரப்பதம் உள்ள இடத்தில்தான் அது செழிக்கும். நம் கடலோர ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி அதற்குச் சாதகம். இதில் டெர்மட்டோஃபாகாய்டிஸ் வகைகள் இரண்டும், வெப்ப நாடுகளுக்கே உரிய புளோமியா ட்ராபிகாலிஸும் முக்கியம். புளோமியாவைச் சில பரிசோதனைக் கூடங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. முதல் இரண்டுக்கு வந்த முடிவை வைத்து மூன்றாவதை ஊகிக்க முடியாது. அதனால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. உண்ணியின் எச்சத் துகள் கனமானது. மெத்தையைத் தட்டினால் எழும்பி, சிறிது நேரத்தில் கீழே படிந்துவிடும். அதனால் படுக்கும்போதும், விடியற்காலையிலும், கூட்டிப் பெருக்கும்போதும்தான் தொந்தரவு கூடும். பூனையின் அலர்ஜிப் புரதம் மிக லேசான துகளில் மணிக்கணக்காகக் காற்றிலேயே மிதக்கும். பூனை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் கண் அரிக்கிறது என்றால் காரணம் இதுதான்.

கரப்பானை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. அதன் எச்சமும் உதிர்ந்த ஓடும் தூளாகித் தூசியில் கலந்துவிடும். சமையலறை, பரண், பழைய அட்டைப்பெட்டி உள்ள இடங்களில் தொந்தரவு கூடினால் பட்டியலில் எழுதுங்கள்.

மகரந்தத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மல்லிகை வாசத்தில் தும்மல் வந்தால் மல்லிகை அலர்ஜி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடிகளின் மகரந்தம் ஒட்டும் தன்மை உள்ளது. காற்றில் அதிகம் பறப்பதில்லை. அங்கே மூக்கைச் சீண்டுவது பெரும்பாலும் வாசனைதான். கவனிக்க வேண்டியவை பார்த்தீனியம், சீமைக் கருவேலம், அருகு உள்ளிட்ட புல் வகைகள், சவுக்கு, ஆமணக்கு, முளைக்கீரை இனத்துக் களைகள். வீட்டைச் சுற்றி நூறு அடிக்குள் என்னென்ன வளர்ந்திருக்கின்றன என்று ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.

பூஞ்சையில் ஆஸ்பர்ஜில்லஸ், ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் முக்கியம். ஓதம் ஏறிய சுவர், காற்றோட்டமில்லாத குளியலறை, கழுவாத ஏசி ஃபில்டர் இவை அதன் இடங்கள். நாய், பூனை, மாடு போன்றவை இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, போகிப் புகை, பெயின்ட் நெடி, மிளகாய் தாளிப்பு, ஏசியின் குளிர்காற்று இவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். இவை மூக்கை எரிச்சல்படுத்தும். ஆனால் இங்கே ஐஜிஇக்கு வேலையில்லை என்பதால் எந்த டெஸ்டிலும் வராது. “சாம்பிராணிக்கு டெஸ்ட் இல்லையா?” என்று கேட்டு ஏமாறுபவர்கள் உண்டு. டெஸ்ட் தேவையில்லை, விலகியிருந்தால் போதும்.

4. எந்த டெஸ்ட், எத்தனை பொருள் என்று முடிவு செய்யுங்கள்

தோலில் குத்திப் பார்க்கும் ப்ரிக் டெஸ்ட்தான் பொதுவாக முதல் தேர்வு. 15 நிமிடத்தில் முடிவு தெரியும், செலவும் குறைவு. முன்கையில் அலர்ஜிப் பொருளின் கரைசலைத் துளியாக வைத்து, அதன் வழியாகச் சிறு முனையால் மேல்தோலை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. ஊசியால் தோலுக்குள் அந்தக் கரைசலைச் செலுத்தும் இன்னொரு முறையும் சில இடங்களில் இருக்கிறது. அதில் பொய்யான பாசிட்டிவ் அதிகம் வருவதால், காற்றில் வரும் பொருள்களுக்கு ப்ரிக் முறையையே கேளுங்கள்.

ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஇ டெஸ்ட் இவர்களுக்குப் பொருந்தும்: அலர்ஜி மாத்திரையை நிறுத்த முடியாதவர்கள், தோல் முழுக்க எக்சிமா என்ற அரிப்பு நோய் உள்ளவர்கள், கீறினாலே தடித்துவிடும் தோல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோல் டெஸ்டில் கடுமையான எதிர்விளைவு மிக அரிதுதான்; ஆனால் வந்தால் கொடுக்கப்படும் அட்ரினலின் என்ற அவசர ஊசி இவர்களிடம் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

‘டோட்டல் ஐஜிஇ’ மட்டும் பார்த்துவிட்டு “அலர்ஜி அளவு 800 இருக்கிறது” என்று கலங்கி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த எண் எதற்கு அலர்ஜி என்று சொல்லாது. வயிற்றில் பூச்சி இருந்தாலும் அது ஏறும். அது சாதாரணமாக இருந்தும் மூக்கு அலர்ஜி இருக்கலாம். உங்களுக்குத் தேவை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பார்க்கும் ஐஜிஇ.

நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் அடங்கிய பேக்கேஜ் எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அதில் பாதி உணவுப் பொருள்களாக இருக்கும். உணவு அலர்ஜி உடலில் வேறு எந்த அறிகுறியும் காட்டாமல் நாள்பட்ட மூக்குத் தொந்தரவை மட்டும் தருவது மிக அரிது. ஆனால் ரிப்போர்ட்டில் கோதுமை, பால், கத்தரிக்காய், கடலை என்று வரிசையாக வந்துவிட்டால், வளரும் குழந்தைக்குக்கூட அத்தனையையும் நிறுத்திவிடுகிறார்கள். குழந்தை மெலிகிறது, தும்மல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் உணவு டெஸ்ட் இன்னும் மோசம். நாம் சாப்பிடும் எதற்கும் ஐஜிஜி உருவாவது இயல்பு, அது அலர்ஜியின் அடையாளமே அல்ல.

பழைய பட்டியல்களில் ‘வீட்டுத் தூசி’, ‘கோதுமைத் தூசி’, ‘காகிதத் தூசி’ என்ற பெயர்களும் இருக்கும். அவை கலவைகள். பாசிட்டிவ் வந்தாலும் எதை ஒழிப்பது என்று தெரியாது. உண்ணி, கரப்பான், பூஞ்சை என்று பிரித்துப் பார்க்கும் கூடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

5. டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்: எந்த மருந்தை நிறுத்துவது

தோல் டெஸ்ட் வீணாவதற்கு முதல் காரணம் அலர்ஜி மாத்திரையைச் சரியாக நிறுத்தாததுதான். செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், லோராடடின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் போன்றவை தோலில் தடிப்பு வருவதையே தடுத்துவிடும். பெரும்பாலான கூடங்கள் 7 நாள் இடைவெளி கேட்கும்.

“மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்று உறுதியாகச் சொல்பவரிடமும் மறைந்திருப்பவை இவை:

- மான்டெலுகாஸ்ட் தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் நம் கடைகளில் அது பெரும்பாலும் லீவோசெட்டிரிசினோடு சேர்ந்த ஒரே மாத்திரையாக வருகிறது. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.
- சளி, காய்ச்சல் கூட்டு மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் இருக்கும்.
- சில இருமல் சிரப்புகளில் டைஃபென்ஹைட்ரமின் இருக்கும்.
- குழந்தைகளுக்குப் பசி எடுக்கத் தரும் சிரப்பில் சைப்ரோஹெப்டடின் இருக்கலாம். இது அலர்ஜி மருந்து என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில்லை.
- பஸ் பயண வாந்திக்கும், தோல் அரிப்புக்கும் போடும் மாத்திரைகள்.
- அசெலாஸ்டின் உள்ள மூக்கு ஸ்ப்ரே. புளூட்டிகசோனோடு சேர்ந்தும் வரும்.

நரம்பு வலி, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு ஆகியவற்றுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளும் முடிவை மாற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். நிறுத்த முடியாது என்றால் ரத்த டெஸ்ட் இருக்கிறது.

நிறுத்தக் கூடாதவையும் உண்டு. ஆஸ்துமா இன்ஹேலரைத் தொடருங்கள். வெறும் ஸ்டீராய்டு மட்டும் உள்ள மூக்கு ஸ்ப்ரேயைத் தொடரலாம், அது தோல் முடிவைக் கெடுப்பதில்லை. இன்ஹேலரையும் சேர்த்து நிறுத்திவிட்டு மூச்சிரைப்போடு வந்து நிற்பவருக்கு அன்று டெஸ்டே செய்ய முடியாது. ஸ்டீராய்டு களிம்பை மட்டும் டெஸ்ட் செய்யும் முன்கையில் சில வாரங்கள் தடவாமல் இருக்க வேண்டும்.

மாத்திரை இல்லாத அந்த ஒரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். கல்யாணம், பரீட்சை, நீண்ட பயணம் இல்லாத வாரமாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுவது கொஞ்சம் கைகொடுக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அரிதாகவே என்றாலும் அதில் உயிருக்கு ஆபத்தான அமீபா இருக்கக்கூடும்.

6. டெஸ்ட் நாளில் கவனிக்க வேண்டியவை

சாப்பிட்டுவிட்டே போகலாம். கையில் க்ரீம், எண்ணெய் தடவாதீர்கள். சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

இரண்டு துளிகள் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்று ஹிஸ்டமின், அலர்ஜியின்போது உடலே வெளியிடும் பொருள், எல்லோருக்கும் தடிக்க வேண்டியது. இன்னொன்று வெறும் கரைசல். யாருக்கும் தடிக்கக் கூடாதது. ஹிஸ்டமின் தடிக்கவில்லை என்றால் மருந்து உடலில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அன்றைய நெகட்டிவ் எதையும் நம்ப முடியாது. வெறும் கரைசலே தடித்தால் பாசிட்டிவ்களை நம்ப முடியாது.

துளிகளுக்கு இடையே குறைந்தது 2 செ.மீ. இடைவெளியும், ஒவ்வொரு பொருளுக்கும் புதிய முனையும் இருக்க வேண்டும். ஒரே முனையைத் துடைத்துத் துடைத்துக் குத்தினால் ஒன்றின் புரதம் அடுத்ததில் கலந்துவிடும். இதைத் தயங்காமல் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

அரித்தாலும் 15 நிமிடம் சொறியாதீர்கள். தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘பிளஸ்’ குறிகள் மட்டும் உள்ள ரிப்போர்ட்டை அடுத்த டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

7. ரிப்போர்ட்டைக் குறிப்போடு பொருத்திப் படியுங்கள்

வெறும் கரைசலின் தடிப்பைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். சுற்றிலும் வரும் சிவப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரத்த டெஸ்டில் லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட் என்பது வழக்கமான எல்லை. தடிப்பு பெரிதாக, எண் அதிகமாக ஆக, அது நிஜ அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் நோயின் கடுமையை அது அளப்பதில்லை. 4 மி.மீ. தடிப்போடு தூங்க முடியாமல் தவிப்பவரும் இருக்கிறார், 9 மி.மீ. தடிப்போடு லேசாகத் தும்முபவரும் இருக்கிறார்.

இப்போது டைரியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பாசிட்டிவுக்கும் ஒரே கேள்வி: இந்தப் பொருள் இருக்கும் இடத்தில், இருக்கும் பருவத்தில் எனக்குத் தொந்தரவு வருகிறதா?

பாசிட்டிவ், டைரியும் ஒத்துப்போகிறது என்றால் அதுதான் காரணம். உதாரணமாக உண்ணிக்கு 6 மி.மீ., டைரியில் விடியற்காலைத் தும்மல், வெளியூரில் நிம்மதி. இதற்குமேல் தேட வேண்டியதில்லை.

பாசிட்டிவ், டைரி பொருந்தவில்லை என்றால் நீங்கள் சென்சிடைஸ் மட்டும் ஆகியிருக்கிறீர்கள். அந்தப் பொருளுக்காக வாழ்க்கையை மாற்றாதீர்கள். நாய்க்குப் பாசிட்டிவ் வந்ததால், வருடக்கணக்காக மடியில் தூங்கிய நாயை ரிப்போர்ட் வந்த அன்றே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்கள் உண்டு. நாயோடு விளையாடும்போது தும்மல் வருகிறதா, நாய் இல்லாத ஊரில் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியே அனுப்ப நேர்ந்தாலும் பலன் உடனே தெரியாது. உதாரணத்துக்கு, பூனையை அனுப்பிய பிறகும் அதன் புரதம் வீட்டில் மாதக்கணக்கில் தங்கும்.

இந்த வகையில் எல்லோரையும் குழப்புவது இறால். உண்ணி, கரப்பான், இறால் மூன்றிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது. உண்ணிக்கு அலர்ஜி உள்ளவருக்கு இறாலும் பாசிட்டிவ் வரலாம். இத்தனை வருடமாக இறால் தொக்கு சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், ரிப்போர்ட்டைக் காட்டி அதை நிறுத்தத் தேவையில்லை. சாப்பிட்டபோது வாய் அரிப்பு, உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் கதை வேறு. அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மகரந்தங்களிலும் இதே நிலைதான். பல செடிகளுக்குப் பொதுவான புரதங்கள் இருப்பதால், ஒன்றுக்கு அலர்ஜி உள்ளவருக்கு வரிசையாகப் பத்தும் பாசிட்டிவ் ஆகலாம். அவற்றில் உங்கள் ஊரில் இல்லாத செடிகளின் பெயர்களை அடித்துவிடுங்கள்.

எல்லாம் நெகட்டிவ், டைரி மட்டும் ஒரு பொருளையே காட்டுகிறது என்றால் மூன்று வாய்ப்புகள்: அந்தப் பொருள் பட்டியலிலேயே இல்லை, மருந்து மிச்சம் இருந்தது, அல்லது ஐஜிஇ மூக்கினுள் மட்டும் உருவாகிறது, தோலிலும் ரத்தத்திலும் தெரியாது. மூன்றாவது வகை உண்மையிலேயே உண்டு. “டெஸ்ட் நெகட்டிவ், உனக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை” என்று வீட்டில் யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். எல்லாம் நெகட்டிவ், டைரியில் புகையும் நெடியும் குளிரும் மட்டும் இருந்தால், அது அலர்ஜி இல்லாத மூக்குத் தொந்தரவு. அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

8. காரணம் உண்ணி என்றால் படுக்கையிலிருந்து தொடங்குங்கள்

வீடு முழுக்கச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் சோர்ந்துபோவீர்கள். முகம் 7, 8 மணி நேரம் புதைந்திருக்கும் இடம் தலையணை. அதனால் படுக்கைதான் முதலில்.

உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். துவைக்கும்போது தண்ணீர் 55 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் உண்ணி சாகும். வாஷிங் மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் தனியாகக் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றி ஊற வைத்துவிட்டு மெஷினில் போடலாம். பச்சைத் தண்ணீர் எச்சத்தின் பெரும்பகுதியைக் கழுவும், உயிரோடு இருப்பவற்றை முழுமையாகக் கொல்லாது.

பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். மெத்தை, தலையணைக்கு உண்ணி புகாத, ஜிப் வைத்த நெருக்கமான நெசவு உறை கிடைக்கிறது. ஆனால் உறையை மட்டும் நம்பாதீர்கள். 2003இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், உறை மட்டும் போட்டதால் படுக்கையில் உண்ணிப் புரதம் குறைந்தது. மூக்குத் தொந்தரவு குறையவில்லை. துவைத்தல், ஈரப்பதம் குறைத்தல், துணிச் சாமான்களைக் குறைத்தல் எல்லாம் சேர்ந்தால்தான் பலன்.

நம்மிடம் வெயில் இருக்கிறது. கோரைப்பாய், மெல்லிய மெத்தை, ஜமுக்காளம் ஆகியவற்றை மொட்டைமாடியில் நேர் வெயிலில் சில மணி நேரம் விரித்து, நடுவில் திருப்பிப் போடுங்கள். சூடும் வறட்சியும் உண்ணியைக் கொல்லும். செத்த உண்ணியின் புரதம் அங்கேயேதான் இருக்கும். அதனால் பிறகு தட்டவோ துவைக்கவோ வேண்டும். தட்டுவது அலர்ஜி உள்ளவர் அல்ல, வீட்டில் வேறு ஒருவர்.

படுக்கையறையில் துணிச் சோபா, கனமான திரை, பொம்மைக் குவியல் வேண்டாம். குழந்தை விடாத ஒரு பொம்மையை பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் துவையுங்கள். துடைப்பத்தால் கூட்டுவதற்குப் பதில் ஈரத் துணியால் துடையுங்கள். ஆயுத பூஜைக்கும் போகிக்கும் பரண் இறக்கும் வேலையை அலர்ஜி உள்ளவர் செய்ய வேண்டாம்; வேறு ஆள் இல்லையென்றால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி ஈரப்பதத்தைக் குறைக்கும், ஆனால் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவுங்கள்.

கரப்பான் காரணமென்றால் நெடி வீசும் ஸ்ப்ரேயைவிட ஜெல் மருந்து நல்லது. ஸ்ப்ரே உங்கள் மூக்கையே எரிக்கும். ஒழித்த பிறகு சிங்க் அடியையும் அலமாரிகளையும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பூஞ்சையென்றால் சுவரில் பெயின்ட் அடிக்கும் முன் நீர்க்கசிவை அடைத்துவிடுங்கள். மகரந்தமென்றால் அந்தப் பருவத்தில் வெளியே போய் வந்ததும் முகம், தலை கழுவுங்கள், துணியை மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள்.

9. டைரி, ரிப்போர்ட் இரண்டோடும் டாக்டரிடம் போங்கள்

சுத்தம் செய்வது மருந்துக்கு மாற்று அல்ல. தொடர்ந்து தொந்தரவு இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான் அடித்தளம். தலையைச் சற்று முன்னே குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி அடியுங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். மூன்றாம் நாளே “கேட்கவில்லை” என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

ஸ்ப்ரேயும் மாத்திரையும் போதவில்லையென்றால் இம்யூனோதெரபி பற்றிக் கேட்கலாம். அலர்ஜிப் பொருளையே சிறுகச் சிறுக ஊசியாகவோ நாக்கின் அடியிலோ கொடுத்து உடலைப் பழக்கும் முறை. குறைந்தது 3 வருடம் போக வேண்டும். ஊசி போட்ட பிறகு 30 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கேதான் ஏழாவது படியின் வேலை பயன்படுகிறது: டைரியோடு பொருந்திய ஒன்றிரண்டு பொருள்களுக்கு மட்டும் மருந்து தயாரிக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வந்த பத்தையும் ஒரே குப்பியில் கலந்தால் ஒவ்வொன்றின் அளவும் குறைந்துவிடும்; கரப்பான், பூஞ்சைச் சாறுகளில் உள்ள நொதிகள் மகரந்தப் புரதங்களைச் சிதைத்துவிடவும் கூடும்.

வருடா வருடம் டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை. வீடோ ஊரோ மாறி அறிகுறிகளின் போக்கு மாறினால், அல்லது குழந்தை வளர்ந்து புதிய பருவத்தில் தொந்தரவு ஆரம்பித்தால் திரும்ப எடுக்கலாம். அப்போதும் முதலில் நான்கு வாரக் குறிப்பு, அப்புறம் டெஸ்ட். பழைய ரிப்போர்ட்டையும் பழைய டைரியையும் தூக்கிப் போடாமல் ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.